வெந்நீர் என்று நான் சொன்ன தேநீர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். முப்பத்திரண்டு வருடம் குன்னூரில் தேயிலை ருசி பார்த்துச் சம்பளம் வாங்கியவன், கடைசியில் ஒரு கோப்பைத் தேநீரிடம் அசடு வழிந்த கதை இது. என்னோடு வேலை பார்த்தவர்களில் சிலர் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், பரவாயில்லை.

என் மாப்பிள்ளை ஆம்பூரில் காலணித் தொழிலில் இருக்கிறார். இயந்திரம் வாங்குவது சம்பந்தமாகச் சீனாவில் ஃபூஜியன் மாகாணத்து ஜின்ஜியாங் நகரத்துக்குப் போய் வந்தார். காலணி செய்வதில் பேர் போன ஊர் அது. திரும்பி வந்ததும் ஒரு தகர டப்பாவை என் கையில் கொடுத்தார். "மாமா, நீங்க டீ ஆளு. உங்களுக்குன்னே தேடி வாங்கினேன். ராஜா குடிச்ச டீயாம். டப்பாவிலேயே போட்டிருக்கு."

திறந்து பார்த்தேன். உள்ளே தூளும் இல்லை, இலையும் இல்லை. வெறும் மொட்டுகள். ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். பிஞ்சு வெண்டைக்காயின் மேல் ஒரு பூனை மயிர் இருக்குமே, அது போல வெள்ளி நிற ரோமம், ஆனால் அதைவிட அடர்த்தியாக. சீனத்தில் இதற்குப் பைஹாவ் யின்ஜென் என்று பெயர். வெண்ரோம வெள்ளி ஊசி என்று தமிழில் சொல்லலாம். வெள்ளைத் தேயிலை வகையில் மிக உயர்ந்தது இதுதான்.

எனக்குக் கை துறுதுறுத்தது. பழைய பெட்டியிலிருந்து ருசி பார்க்கும் மூடி போட்ட கோப்பையையும் வெள்ளைக் கிண்ணத்தையும் எடுத்தேன். எங்கள் தொழிலில் ஒரு கோப்பைக்கு 2.8 கிராம் தேயிலை என்பது பழைய கணக்கு. அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஆறு பென்ஸ் நாணயத்தின் எடை அது. தளதளவென்று கொதிக்கும் தண்ணீர், கெடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம், பிறகு வடித்து, கரண்டியால் அள்ளி, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி உர்ரென்று உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்ப வேண்டியதுதான்.

அப்படியே செய்தேன். கிண்ணத்தில் வந்தது வெளிறிய இளமஞ்சள். நிறம் இல்லை. திடம் இல்லை. நாக்கில் விறுவிறுப்பு இல்லை. யோசிக்காமல், ஏலத்துக்கு வந்த மட்டமான சரக்கைத் தள்ளுகிற அதே குரலில் சொல்லிவிட்டேன். "வெந்நீர், மாப்பிள்ளை. உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. "அப்படியா மாமா" என்று மட்டும் சொன்னார்.

என் மனைவிதான் மிச்சத்தை எடுத்துக் குடித்துப் பார்த்தாள். "என்னங்க, வைக்கோல் போர்ப் பக்கத்துல நின்னா வருமே, அந்த வாசம் வருது. கொஞ்சம் வெள்ளரிப் பிஞ்சு மாதிரியும் இருக்கு" என்றாள். எனக்கு அதெல்லாம் எதுவும் வரவில்லை.

அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. 2021-இல் எனக்குக் கொரோனா வந்து போனது சிலருக்குத் தெரியும். மூன்று மாதம் மூக்கு செத்துக் கிடந்தது. பிறகு ரசம், காபி, ஊதுபத்தி எல்லாம் தெரிய ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். நானும் நம்பினேன். ஆனால் வைக்கோல் வாசனை என் மனைவிக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் தேநீர் வெந்நீரா, இல்லை என் மூக்குதான் மரத்துக் கிடக்கிறதா? மூக்கை வைத்தே குடும்பம் நடத்தியவனுக்கு இது லேசான கேள்வி இல்லை.

கேள்வியைத் தள்ளிப் போட ஒரு வழி கண்டுபிடித்தேன். "ராஜா குடிச்ச டீ" என்று டப்பாவில் போட்டிருப்பது உண்மையா என்று தோண்ட ஆரம்பித்தேன். பொய் என்று நிரூபித்துவிட்டால் நான் சொன்னது சரியாகிவிடும் அல்லவா! மனிதப் புத்தி அப்படித்தான் போகிறது.

அந்த ராஜா யார் என்பது சீக்கிரமே தெரிந்தது. சோங் வம்சத்துப் பேரரசர் ஹுய்ட்சோங். 1100-இல் பட்டத்துக்கு வந்தவர். நம் பக்கத்தில் குலோத்துங்க சோழன் சோழ நாட்டை ஆண்டுகொண்டிருந்த காலம். ஹுய்ட்சோங் ஓவியர். எழுத்துக்கலையில் தனக்கென்று ஒரு பாணியே உண்டாக்கியவர். பறவைகளையும் பூக்களையும் அவர் வரைந்த விதத்தை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். 1107-ஐ ஒட்டி தேநீரைப் பற்றி இருபது சிறு பகுதிகள் கொண்ட ஒரு நூலும் எழுதினார். ஒரு நாட்டை ஆளுகிறவர் தேயிலையை எப்படி அரைப்பது, எப்படி நுரைக்க அடிப்பது என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

அந்த நூலில் வெள்ளைத் தேயிலைக்கென்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. அது மற்ற தேயிலை போன்றது இல்லை, பாறைகளுக்கு நடுவே தானாக முளைப்பது, மனித முயற்சியால் வளர்க்க முடியாதது, நாலைந்து குடும்பங்களிடம் ஒன்றிரண்டு மரங்கள்தான் உண்டு என்று எழுதுகிறார். ஃபூஜியனின் வடபகுதியில் பெய்யுவான் என்ற அரசுத் தோட்டம் இருந்தது. அரண்மனைக்குப் போன தேயிலையில் உயர்ந்ததெல்லாம் அங்கிருந்துதான் போயிற்று.

இதுவரை டப்பா சொன்னது சரி. இனிமேல்தான் தகராறு.

ஹுய்ட்சோங் குடித்த தேநீரை நம்மால் அடையாளமே காண முடியாது. அந்தக் காலத்தில் மொட்டுகளை ஆவியில் வேகவைத்து, அழுத்திச் சாறு பிழிந்து, அரைத்து, அச்சில் போட்டு வில்லையாக்கி, நெருப்பில் வாட்டிக் காயவைப்பார்கள். குடிக்கும்போது வில்லையை உடைத்து மாவாக அரைத்து, கறுப்புக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கில் துடைப்பக் குச்சி போன்ற ஒன்றால் அடிப்பார்கள். நம் வீட்டில் மத்தால் மோர் கடைவது போல. வெள்ளையாக நுரை எழும்ப வேண்டும். நுரை எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு உயர்வு. அந்த வெள்ளை எடுப்பாகத் தெரிவதற்குத்தான் கிண்ணம் கறுப்பு. இலையே வெளுத்துப் பிறக்கும் ஓர் அபூர்வ மரம் இருந்தால் அரண்மனையில் அதற்கு ஏன் மவுசு என்று இப்போது புரிகிறதா?

ஆக, அவருடைய வெள்ளைத் தேயிலை என்பது ஒரு மரத்தின் பெயர். இன்றைய வெள்ளைத் தேயிலை என்பது செய்முறையின் பெயர். பெயர் ஒன்று, பொருள் வேறு. டப்பாக்காரர்கள் இரண்டையும் ஒட்டவைத்துவிட்டார்கள். நான் துள்ளிக் குதித்தேன். மாப்பிள்ளைக்கு உடனே போன் போடலாமா என்று கூட நினைத்தேன்.

நல்ல வேளை, போடவில்லை. மேலே படித்தேன்.

அந்த அரண்மனை மோகம் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள். 1120-இல் 'வெள்ளி நூல்' என்று ஒரு புதுத் தேயிலை செய்தார்கள். மொட்டை வேகவைத்து, மேல் இதழ்களை உரித்து எறிந்துவிட்டு, உள்ளே நூல் போல இருக்கும் குருத்தை மட்டும் எடுத்து அழுத்தின வில்லை. ஒரு மொட்டைப் பறிப்பதே எத்தனை வேலை என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். அதை உரித்து நடுக்குருத்தை மட்டும் எடுப்பது என்றால் எத்தனை பெண்கள், எத்தனை விரல்கள்!

ஏழே வருடம். 1127-இல் வடக்கேயிருந்து வந்த ஜுர்ச்சென் படை தலைநகரைப் பிடித்துவிட்டது. ஹுய்ட்சோங்கையும், அவர் பட்டம் கட்டி வைத்திருந்த மகனையும், அரண்மனைக் கூட்டம் முழுவதையும் சிறைபிடித்து வடக்கே நடத்திக்கொண்டு போனார்கள். பிடித்தவர்கள் அவருக்கு 'மதிகெட்டவர்' என்று பொருள்படும் ஒரு கேலிப் பட்டத்தையும் கொடுத்தார்கள். எட்டு வருடம் கழித்து, 1135-இல், குளிர் மிகுந்த வடகிழக்கு மூலையில் கைதியாகவே செத்துப்போனார். அங்கே அவருக்கு என்ன தேநீர் கிடைத்திருக்கும் என்று நினைத்தால் மனசு ஒரு மாதிரி ஆகிறது.

அரசர் போனாலும் வில்லைத் தேயிலை போகவில்லை. அடுத்து வந்த அரசர்களும் கேட்டார்கள், ஃபூஜியன் குடியானவர்கள் அரைத்து அழுத்திக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அதை நிறுத்தியவர் மிங் வம்சத்தை நிறுவிய ஜூ யுவான்ஜாங். ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்து, பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் பெற்றோரைப் பறிகொடுத்து, மடத்தில் ஒண்டி, பிச்சை எடுத்தவர். பேரரசர் ஆன பிறகு, 1391-இல், ஜனங்களுக்கு இது பெரிய பாரம், இனிமேல் வில்லை வேண்டாம், மொட்டாகவே அனுப்பினால் போதும் என்று உத்தரவு போட்டார். இன்று உலகம் முழுக்க நாம் இலையாகப் போட்டு வடித்துக் குடிக்கும் வழக்கம் பரவியதற்கு இந்த உத்தரவு ஒரு பெரிய காரணம். மாவாக அரைத்து நுரைக்க அடிக்கும் பழைய முறை இன்று ஜப்பானியர்களிடம்தான் தங்கியிருக்கிறது.

உதிரித் தேயிலை வந்தபிறகு, அதை எப்படிக் காயவைப்பது என்ற பேச்சு எழுந்தது. சட்டியில் வறுப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம். ஆனால் 1554-இல் தியன் யிஹெங் என்ற எழுத்தாளர், நெருப்பில் வாட்டியதைவிட வெயிலில் உலர்த்தியதே மேல், புகை வாடை இல்லாமல் இயற்கைக்கு அருகில் இருக்கிறது என்று எழுதி வைத்தார். இன்றைய வெள்ளைத் தேயிலைக்கு முன்னோர் தேடினால் இந்த வெயில் தேயிலையைத்தான் காட்ட வேண்டும். அரண்மனையை இல்லை.

ஃபூஜியனின் வடகிழக்கில் கடலோரமாக ஃபூடிங் என்ற ஊர் இருக்கிறது. பக்கத்தில் தைமு மலை. அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். லான் கு என்ற பெண் அந்த மலையில் வாழ்ந்தாளாம். ஊரில் குழந்தைகளுக்கு அம்மை கண்டபோது, குகை அருகே இருந்த தேயிலை மரத்திலிருந்து பறித்துக் காயவைத்துக் கொடுத்துக் காப்பாற்றினாளாம். அவளையே மலைத்தாயாகக் கும்பிடுகிறார்கள். அம்மையும் அம்மனும் நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

கதையை விட்டுவிட்டு வரலாற்றுக்கு வந்தால், வெள்ளி ஊசி ஃபூடிங்கில் தோன்றிய வருடமாக 1796-ஐச் சீனர்கள் வழக்கமாகச் சொல்கிறார்கள். முதலில் நாட்டுச் செடியின் மெலிந்த மொட்டுகளில்தான் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பருமனான மொட்டும் அடர்ந்த ரோமமும் கொண்ட 'ஃபூடிங் பெரிய வெள்ளை' என்ற செடி வகைக்கு மாறினார்கள். என் டப்பாவில் இருப்பது அந்த வம்சம். ஆக வயது இருநூற்றுச் சொச்சம். ராஜா குடித்ததில்லை.

செய்முறையைப் படித்தபோதுதான் என் துள்ளல் அடங்கியது. செய்முறை என்று ஒன்றுமே இல்லை, ஐயா! வசந்த காலத்தில் முதல் மொட்டைப் பறிக்கிறார்கள். மூங்கில் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புகிறார்கள். வெயிலிலும் காற்றிலும் இரண்டு மூன்று நாள் வாட விடுகிறார்கள். பிறகு இளஞ்சூட்டில் ஈரம் போக உலர்த்துகிறார்கள். முடிந்தது. வறுப்பதில்லை, உருட்டுவதில்லை, நசுக்குவதில்லை. நம் வீடுகளில் வடகம் காயவைப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. வடகம் போலவே, மழை வந்தால் எல்லாம் போச்சு. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குத்தான் அங்கே அனுபவசாலி வேண்டும். எப்போது வெயிலில் வைப்பது, எப்போது நிழலுக்கு எடுப்பது என்பதுதான் வித்தை. 2011-இல் சீன அரசு இந்த ஃபூடிங் முறையைத் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நான் வேலை பார்த்தது இதற்கு நேர் எதிரான உலகம். சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தள்ளும். அப்படிக் கிழிந்தால்தான் பாலை மீறிக்கொண்டு நிறமும் திடமும் இறங்கும். இலை முழுசாக, காயம் படாமல் இருந்தால் அதன் சரக்கு மெதுவாகத்தான் வெளியே வரும். அதனால்தான் வெள்ளி ஊசி வெளிறிக் கிடக்கிறது. அது குறை என்று நான் தீர்ப்புச் சொன்னது, டவாலி சத்தத்துக்குப் பழகின காதோடு வீணைக் கச்சேரிக்குப் போய், சத்தம் போதவில்லை என்று சொன்ன மாதிரி.

மறுநாள் மூன்று கிராம் எடைபோட்டு, மேசையில் கொட்டி எண்ணினேன். ஐம்பத்து நாலு மொட்டு இருந்தது. அந்தக் கணக்கில் ஒரு கிலோவுக்குப் பதினெட்டாயிரம் மொட்டு. நம் மலையில் பெண்கள் இரண்டு இலை ஒரு மொட்டு என்று கொத்தாகக் கிள்ளிக் கூடையில் போடுவார்கள். இது ஒவ்வொன்றாக. பதினெட்டாயிரம் தடவை ஒரு கை நீண்டு கிள்ளியிருக்கிறது. அதை நான் துப்பினேன்.

நம் மலைக்கும் சீனாவுக்கும் ஒரு பழைய சங்காத்தம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சீனக் கைதிகளைப் பிரிட்டிஷார் நீலகிரிக்குக் கொண்டுவந்து, நடுவட்டத்தில் சிறை வைத்து, சின்கோனாத் தோட்டத்தில் வேலை வாங்கினார்கள். அந்தச் சிறைக் கட்டடம் இன்றும் இருக்கிறது, கூடலூர் போகிற வழியில் பார்த்திருப்பீர்கள். விடுதலையான சிலர் அங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து குடும்பமானார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். தேயிலைச் செடியைப் பேணும் பக்குவத்தை நம்மவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்கள்தான் என்று தோட்டங்களில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சரி, கோப்பைக்கு வருவோம். பத்து நாள் தினமும் காலையில் முயன்று பார்த்துப் பிடிபட்ட முறையைச் சொல்கிறேன்.

ஸ்பூன் கணக்கு உதவாது. மொட்டு பஞ்சு மாதிரி, ஒரு ஸ்பூனில் ஒரு கிராம்கூட நிற்காது. எடை போட முடியாதவர்கள் ஒரு டம்ளருக்கு ஒரு சிறு கைப்பிடி போடலாம். தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, காபி ஆற்றுவது போல டம்ளருக்கும் டபராவுக்கும் இரண்டு தடவை ஆற்றுங்கள். ஏறக்குறைய 80, 85 டிகிரிக்கு வந்துவிடும். கண்ணாடி டம்ளரில் மொட்டைப் போட்டு அந்தத் தண்ணீரை ஓரமாக ஊற்றுங்கள். மொட்டுகள் முதலில் மிதக்கும், பிறகு ஒவ்வொன்றாக நிமிர்ந்து நின்று, மெல்லக் கீழே இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே மூன்று நிமிடம் போய்விடும். வடித்துக் குடியுங்கள். பால், சர்க்கரை கூடவே கூடாது. அதே மொட்டில் இன்னும் மூன்று தடவை தண்ணீர் ஊற்றலாம், ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் கூட்டி. ருசி பார்க்க வெற்று நாக்கு வேண்டும். காபி, ஊறுகாய், வெற்றிலை எதுவும் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கக் கூடாது. டப்பாவைப் பெருங்காயத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு நாள் அங்கேதான் இருந்தது, நல்ல வேளையாகப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு விஷயம். வெளிறி இருப்பதால் இதில் கஃபீன் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். தப்பு. இளமொட்டில்தான் அது அதிகம். தூக்கம் வராதவர்கள் மாலையில் தொட வேண்டாம். சர்க்கரையைக் குறைக்கும், அதைக் குணமாக்கும் என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளையும் நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

என் மூக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆறாம் நாள் வரை ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் இரண்டாவது டம்ளரைக் குடித்து முடித்து, காலியான டம்ளரை மூக்கருகே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது வந்தது. வெயிலில் காய்ந்த வைக்கோல். என் தாத்தா வீட்டுக் களத்தில் வந்த வாசனை. ஒரு நொடிதான். போய்விட்டது. பிறகு தொண்டையில் ஓர் இனிப்பு. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்குமே, அதன் தம்பி என்று சொல்லலாம். வெள்ளரிப் பிஞ்சு எனக்கு இன்னும் வரவில்லை. மனைவி தினமும் அது இருக்கிறது என்கிறாள். இருக்கட்டும். என் மூக்கு பழையபடி இல்லை என்பதை அன்று அவளிடம் முதல்முறையாகச் சொன்னேன். "எனக்கு மூணு வருஷமாத் தெரியும்" என்றாள்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "டப்பாவில் போட்டிருக்கிறது பொய், மாப்பிள்ளை. ராஜா குடிச்சது இது இல்லை" என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் அமைதி. "ஆனா நான் சொன்னதும் பொய். இது வெந்நீர் இல்லை. அன்னைக்கு அவசரப்பட்டுப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "மிச்சம் இருக்கா மாமா?" என்று கேட்டார்.

நாலில் ஒரு பங்கு இருக்கிறது. தீபாவளிக்கு வருகிறார்கள். அதுவரை தொடுவதில்லை என்று டப்பாவை மூடி, பீரோவில் வைத்துவிட்டேன்.